ஜி.டி.நாயுடு: சுற்றி வரும் பட்டியலைக் கொஞ்சம் கழற்றிப் பார்க்கலாம்

(தேதிக்குப் பக்கத்தில் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

11 அக்டோபர் 2025, காலை. ஆண்டுமலர்

கோவை அவிநாசி சாலை மேம்பாலத்துக்குத் தொழிலதிபர் ஜி.டி.நாயுடு பெயர் வைத்ததிலிருந்து வாட்ஸப்பில் ஒரு பட்டியல் ஓடுகிறது. உலகின் முதல் மின்சார ரேசர், மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, 70 ரூபாய் ரேடியோ, 2,000 ரூபாய் கார், 11 மணி நேரத்தில் வீடு, ஓட்டு இயந்திரம், பப்பாளி, பருத்தி. எல்லாமே "கண்டுபிடித்தார்" என்றுதான் முடிகிறது. எங்கள் பள்ளி மலரில் ஒரு பக்கம் அவருக்கு. இதை அப்படியே போடலாமா?

11 அக்டோபர், இரவு. பட்டறை

அப்படியே போடாதீர்கள். முதல் வரியே தப்பு. மின்சார ரேசரை அமெரிக்காவில் ஜேக்கப் ஷிக் 1931இலேயே கடைக்குக் கொண்டுவந்துவிட்டார். நாயுடு ஐரோப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்து செய்தது ரேசண்ட் என்ற ரேசர். அது டார்ச்லைட் செல்லில் ஓடியது. சொல்ல வேண்டியது அதைத்தான், பட்டியலில் அதைத்தான் காணோம்.

உறுதியான விவரங்கள் முதலில். பிறப்பு 23 மார்ச் 1893, சூலூர்ப் பக்கம் கலங்கல். மறைவு 4 ஜனவரி 1974. பள்ளிப்படிப்பு ஆரம்ப வகுப்போடு சரி. கோவையில் ஓட்டலில் பரிமாறிச் சேர்த்த காசில் ஓர் அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்துப் பூட்டினார். 1920இல் ஒரு பஸ், பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே, ஓட்டுநரும் அவரே. அது யு.எம்.எஸ். என்ற பஸ் கம்பெனியாக வளர்ந்தது. 1937இல் டி.பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து பீளமேட்டில் மின்மோட்டார்.

பாலத்தின் பெயரில் சாதி இருக்கலாமா என்ற சண்டையை இங்கே கொண்டுவர வேண்டாம். அதற்கு ஊர் முழுக்க இடம் இருக்கிறது.

12 அக்டோபர். பட்டறை

பஸ்ஸை ஒரு வரியில் தாண்டிவிட்டேன். அது தப்பு. மற்ற எல்லாம் அங்கிருந்துதான் வருகிறது.

ஏன் பொள்ளாச்சி–பழனி? போத்தனூரிலிருந்து பொள்ளாச்சிக்கு ரயில் 1915இல் வந்துவிட்டது. பொள்ளாச்சியிலிருந்து பழனி வழியாகத் திண்டுக்கல்லுக்குப் பாதை போட 1928 ஆனது. நடுவில் பதின்மூன்று வருஷம் ரயில் கிடையாது. உடுமலை வழியாக அறுபது கிலோமீட்டர் சொச்சத்துக்கு, இவர் பஸ் வரும்வரை, மாட்டு வண்டிதான். பழனிக்குப் போகிற கூட்டமோ வருஷம் முழுக்க. ரயில் முடிகிற இடத்தில் பஸ்ஸைக் கொண்டுபோய் நிறுத்தினார். இதை எந்தக் கண்டுபிடிப்புப் பட்டியலும் சொல்லாது, ஆனால் அவர் எடுத்த கெட்டிக்கார முடிவுகளில் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

அந்தக் கால வண்டியை ஓட்டுவது என்றால் பாதி நேரம் மெக்கானிக் வேலை. செல்ஃப் ஸ்டார்ட் கிடையாது, முன்னால் கைப்பிடி போட்டுச் சுற்ற வேண்டும். சுற்றும் முன் ஸ்டியரிங்கில் இருக்கும் ஸ்பார்க் நெம்புகோலைப் பின்னுக்குத் தள்ளிவிட வேண்டும். மறந்தால் பிஸ்டன் மேலே வருவதற்குள் வெடித்துக் கைப்பிடி திருப்பி அடிக்கும், மணிக்கட்டு எலும்பு போகும். கட்டைவிரலைக் கைப்பிடியைச் சுற்றிப் பிடிக்காமல் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைக்கச் சொல்வது இதற்காகத்தான். மரச்சக்கர வண்டிகளில் வெயில் காலத்தில் ஆரக்கால் சுருங்கிக் கிறீச்சிடும், ராத்திரி ஈரச்சாக்கு சுற்றி வைப்பார்கள். ரேடியேட்டர் கொதிக்கும். கொதிக்கிற எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் பிளாக் விரிசல் விடும், எஞ்சினை ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊற்ற வேண்டும்.

உதிரி பாகம் கப்பலில் வரும். வரும்வரை வண்டி நின்றால் வசூல் நின்றது. ஆகவே உடைந்த பாகத்தைத் தானே செய்தாக வேண்டும். பஸ் கம்பெனிக்குள் லேத், அதாவது இரும்பைக் கடையும் இயந்திரம், நுழைந்த வழி அது. லேத் வந்த இடத்தில் மற்றதெல்லாம் வரும்.

14 அக்டோபர். பட்டறை

மோட்டார். "இந்தியாவின் முதல் மோட்டார்" என்று எல்லோரும் எழுதுகிறார்கள். முதல், இரண்டாவது என்று மல்லுக்கட்டுவதை விடுங்கள். 1937இல் கோவையில் அதைச் செய்தார்கள் என்பதற்கு என்ன அர்த்தம் என்று பாருங்கள். பைக்காரா மின்சாரம் 1932இல் வந்தது. மில்கள் வரிசையாக எழும்பிக்கொண்டிருந்தன. கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைத்த விவசாயி பம்பு கேட்க ஆரம்பித்தார். மோட்டார் எல்லாம் சீமையிலிருந்து. அது எரிந்தால்?

ஒரு மூன்று ஃபேஸ் மோட்டாரில் நாம் செய்யக் கஷ்டமானது எது என்று கேட்டால் பலரும் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுற்று, என்பார்கள். காயில் கட்டப் பொறுமையும் கைப்பழக்கமும் போதும். கஷ்டம் ஸ்டாம்பிங்கில். அரை மில்லிமீட்டர் சிலிக்கான் எஃகுத் தகட்டை வட்டமாக வெட்டி, உள்விளிம்பில் கம்பி உட்கார 24 அல்லது 36 காடி (பள்ளம்) குத்த வேண்டும். ஒரே அடியில் எல்லாக் காடியும் விழும் டை (வெட்டும் அச்சு) இல்லாவிட்டால் ஒரு காடி குத்தி, தகட்டைத் திருப்பி, அடுத்தது. திருப்பும் தட்டில் இம்மி பிசகினாலும் அடுக்கும்போது காடிகள் நேராக நிற்காது, உள்ளே விடும் காகிதம் கிழியும், கம்பி உடம்பைத் தொடும். டை மழுங்கினால் வெட்டிய ஓரத்தில் பிசிறு நிற்கும். அந்தப் பிசிறு பக்கத்துத் தகட்டைத் தொட்டால் தகடு தகடாக அடுக்கியதற்கே பயனில்லை. சுமையே இல்லாமல் ஓடினாலும் உடம்பு சுடும்.

அடுத்து இடைவெளி. சின்ன மோட்டாரில் சுற்றும் ரோட்டாருக்கும் சுற்றாத ஸ்டேட்டருக்கும் நடுவே 0.3இலிருந்து 0.5 மி.மீ. கூட விட்டால் மோட்டார் கரண்ட்டை வீணாக இழுக்கும், குறைத்தால் பேரிங் கொஞ்சம் தேய்ந்ததும் உரசும். 0.4 மி.மீ. இடைவெளியை ஊர்ப் பட்டறையில் வைத்துக்காட்டுவதுதான் அந்த 1937. படத்தில் பார்த்தால் வார்ப்பிரும்புப் பானை மாதிரி இருக்கும், யாருக்கும் தோன்றாது.

நம்மூரில் மோட்டார் எரிவது பெரும்பாலும் ஒரு ஃபியூஸ் போவதால். ஓடுகிற மோட்டார் நிற்காது, முனகிக்கொண்டே ஓடும், மிச்ச இரண்டு லைனில் கரண்ட் 1.7 மடங்கு ஏறும். மூன்று காயிலையும் ஒரு முனையில் சேர்த்த ஸ்டார் கட்டு என்றால் ஒரு ஃபேஸ் காயில் மட்டும் கருகியிருக்கும், முக்கோணமாகக் கோத்த டெல்டா என்றால் இரண்டு.

14 அக்டோபர். காயில்கடை

தலைகீழாப் போட்டுட்டீங்க. ஸ்டார்ல ரெண்டு கருகும், டெல்டாலதான் ஒண்ணு. கடைக்கு வாங்க, வாசல்லயே கிடக்குது காட்டறேன்.

15 அக்டோபர். பட்டறை

காயில்கடை சொல்வதே சரி. ஸ்டாரில் லைன் ஒன்று போனால் மீதி இரண்டு காயிலும் தொடராக ஒரே கரண்ட்டைச் சுமக்கும், இரண்டும் கருகும், போன லைனின் காயில் புதுசு மாதிரி இருக்கும். டெல்டாவில் உயிரோடு இருக்கும் இரண்டு லைனுக்கு நேர் நடுவே ஒரு காயில் மாட்டிக்கொள்கிறது, மற்ற இரண்டும் தொடராகச் சேர்ந்து பாதிதான் சுமக்கின்றன. அந்த ஒன்று கருகும். எழுதியதை அழிக்கவில்லை, திருத்தத்தோடு இருக்கட்டும்.

வோல்டேஜையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விசை வோல்டேஜின் வர்க்கத்துக்குப் போகும். 80 சதவீதம் வந்தால் விசை 64 சதவீதம். லைனின் கடைசிக் கிணற்றில் மோட்டார் கிளம்பாமல் முக்குவது அதனால். விவசாயி "மோட்டார் மட்டம்" என்பார். பாவம் மோட்டார்.

பாலசுந்தரம் பின்னாளில் டெக்ஸ்டூல் கம்பெனி நடத்தினார். கோவை பம்புக்கும் மோட்டாருக்கும் ஊரான கதை ஒருவரால் முடிந்ததில்லை. மலரில் இரண்டு பெயரையும் போடுங்கள்.

15 அக்டோபர், இரவு. ஆண்டுமலர்

பிள்ளைகளுக்கு ரேசர்தான் பிடிக்கும். அதைச் சொல்லுங்கள்.

17 அக்டோபர். பட்டறை

சரி, ரேசர்.

ஷிக்கின் ரேசர் வீட்டு மின்சாரத்தில் ஓடுவது. கரண்ட் இல்லாத வீட்டில் அதை வைத்து என்ன செய்ய? செல்லில் ஓடினால்தான் இங்கே வேலைக்கு ஆகும். ஆனால் செல்லில் ஓட்டுவது வேறு வித்தை. துத்தநாக–கார்பன் செல் 1.5 வோல்ட், இரண்டு போட்டால் 3. தாடி வெட்ட இரண்டு வாட் வேண்டும் என்று வைத்தால் முக்கால் ஆம்பியர் வரை இழுக்கும். செல்லின் உள்தடையிலேயே அரை வோல்ட் போய்விடும். சுற்றும் காயிலுக்குக் கரண்ட் கொண்டுபோகும் பிரஷ்ஷின் உராய்வு, அது கம்முட்டேட்டர் வளையத்தைத் தொடும் இடத்தில் இழப்பு எல்லாம் போக மிச்சம் கொஞ்சம்தான். பெரிய மோட்டாரில் கார்பன் பிரஷ் சரி. மூன்று வோல்ட்டில் அது ஆகாது, அதன் மேலேயே வோல்டேஜ் விழுந்துவிடும். மெல்லிய உலோக விரல் மாதிரியான பிரஷ்தான் போட வேண்டும். அது சீக்கிரம் தேயும்.

இதில் இன்னொரு சங்கடம், தலையை இறுக்கிப் பொருத்தினால் நன்றாக வெட்டும், மோட்டார் நின்றுபோகும். தளர்த்தினால் மோட்டார் பாடும், மயிரைப் பிடுங்கும். கடைக்கு வந்த சரக்கு ஒவ்வொன்றும் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்க வேண்டும். ஒன்று செய்துகாட்டுவதற்கும் ஆயிரம் செய்வதற்கும் உள்ள தூரம் இதுதான்.

பிளேடும் அதே மாதிரி. பட்டியலில் "மெல்லிய பிளேடு" என்று இரண்டு சொல்லோடு விட்டுவிடுகிறார்கள். ஆரம்பகால சேஃப்டி பிளேடு 0.15 மி.மீ. கனம். 0.1க்குக் கொண்டுவருவது எஃகைச் சீவுவதில் இல்லை, கடினப்படுத்தும்போது வளையாமல் காப்பதில் இருக்கிறது. எண்ணூறு டிகிரிக்கு மேல் சுட்டு எண்ணெயில் போட்டால் மெல்லிய பட்டை அப்பளம் மாதிரி சுருண்டுகொள்ளும். குளிர்ந்த இரண்டு உலோகப் பலகைக்கு நடுவே இழுத்துத்தான் ஆறவைக்க வேண்டும். சூட்டில் காற்றுப் பட்டால் மேல்தோலில் கரி குறைந்து முனை நிற்காது, அதனால் உலைக்குள் வேறு வாயு. பிறகு இருநூறு டிகிரியில் பதம். பிறகு சாணை, நுண்சாணை, தோல் என்று மூன்று கட்டம். தோலில் தீட்டாமல் விட்டால் முனையில் பிசிறு நிற்கும், முதல் இழுப்பிலேயே கன்னம் சொல்லிவிடும்.

18 அக்டோபர். வால்வுசெட்

70 ரூபாய் ரேடியோ சும்மா பேச்சு என்று எங்கள் வட்டாரத்தில் ஒரு கட்சி உண்டு.

19 அக்டோபர். பட்டறை

1941இல் அவர் சொன்னது "ஐந்து வால்வு செட்டை 70 ரூபாய்க்கு என்னால் செய்ய முடியும்" என்று. சந்தையில் விற்றார் என்று யாரும் எழுத வேண்டாம். ஆனால் சும்மா பேச்சு என்றும் தள்ள மாட்டேன். கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

வால்வு என்பது டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய். ஐந்து வால்வு என்றால்: அலைவரிசையை மாற்றுவது ஒன்று, இடைநிலை அலையைப் பெருக்குவது ஒன்று, பிரித்தெடுத்து முதல் ஒலிப்பெருக்கம் ஒன்று, ஸ்பீக்கரைத் தள்ளும் வால்வு ஒன்று, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் ஒன்று. வால்வு அப்போது இந்தியாவில் தயாராகவில்லை, போர் வேறு. அதில் குறைக்க வழியில்லை. பெட்டியில் குறைக்கலாம், தேக்குக்குப் பதில் தகடு. பெரிய மிச்சம் மெயின் டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துவிடுவதில்: வால்வுக்குள் சூடேற்றும் ஹீட்டர்களை ஒரே தொடராகக் கோத்து ஒரு தடையோடு நேராக மெயினில் மாட்டுவது. ஏசியிலும் ஓடும், டிசியிலும் ஓடும், செம்பும் இரும்பும் மிச்சம். விலை கொடுப்பது வேறு இடத்தில். சேசிஸில், அதாவது அடித்தகட்டில், கரண்ட் இருக்கும். பிளக்கைத் திருப்பிச் சொருகினால் குமிழ் திருகாணியைத் தொட்டவர் துள்ளுவார். ஒரு ஹீட்டர் அறுந்தால் ஐந்தும் அணையும், எது என்று தேட வேண்டும்.

அவர் செட் இந்த வகையா என்று நான் சொல்லவில்லை. விலையை அடிக்க வேண்டுமென்றால் வெட்டுவதற்கு இடம் இருந்தது என்கிறேன்.

19 அக்டோபர். வால்வுசெட்

சரி, கட்சி மாறுகிறேன். ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். செலவு பாகத்தில் மட்டும் இல்லை, டியூனிங்கில் ஆள் நேரம் இருக்கிறது. இடைநிலை டிரான்ஸ்ஃபார்மர் இரண்டையும் 455 கிலோசைக்கிளுக்கு இழுத்து, பிறகு டயலின் மேல் முனையில் டிரிம்மர் திருகு, கீழ் முனையில் பேடர் திருகு, திரும்ப மேலே, திரும்பக் கீழே. இரண்டு மூன்று சுற்று. பழகாத ஆள் ஒரு செட்டுக்கு அரை நாள் எடுப்பான்.

22 அக்டோபர். பட்டறை

ஆள் நேரம் என்றதும் நாயுடுவின் இன்னொரு பிடிவாதம் நினைவுக்கு வருகிறது. 1945இல் ஆர்தர் ஹோப் பெயரில் கல்லூரி. ஹோப் அப்போது சென்னை மாகாண கவர்னர். நாயுடுவின் கொடையில் எழுந்தது, முதல்வராகவும் அவரே இருந்தார். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டதாகச் சொல்லப்படும் மனிதர் பொறியியல் கல்லூரி முதல்வர்! நாலு வருஷப் படிப்பு வீண், இரண்டு போதும் என்றார். அரசு ஒப்பவில்லை, விலகினார். கல்லூரி தடாகம் ரோட்டுக்குப் போய் இன்றைய ஜி.சி.டி. (அரசு தொழில்நுட்பக் கல்லூரி) ஆனது. பீளமேட்டில் பஸ் ஸ்டாப் மட்டும் "ஹோப் காலேஜ்" என்று நின்றுவிட்டது. கண்டக்டர் வாயில் "ஹோப்ஸ்". காலேஜ் கிளம்பிப் போய் எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, ஊர் இன்னும் இறங்கிக்கொண்டே இருக்கிறது.

இரண்டு வருஷம் போதுமா? லேத், மில்லிங், ஃபிட்டிங், காயில் இதற்கெல்லாம் ஆறு மாதம் தினமும் கை வைத்தால் பிடிபடும். டை வடிவமைக்கக் கணக்கு வேண்டும், அதற்கு நாள் வேண்டும். அவர் பாதி சரி என்பது என் எண்ணம்.

24 அக்டோபர். பட்டறை

மேலே "பாதி சரி" என்று எழுதியது கொஞ்சம் தாராளமாகிவிட்டது. பஸ் கம்பெனிக்கு ஆள் தயாரிக்க இரண்டு வருஷமே அதிகம். அரசாங்கத்துக்குப் பாலமும் அணையும் கட்ட ஆள் வேண்டும். இருவரும் "இன்ஜினியர்" என்ற ஒரே சொல்லை வைத்து வேறு வேறு ஆளைக் கேட்டார்கள்.

26 அக்டோபர். ஆண்டுமலர்

மண்ணெண்ணெய் விசிறியை விட்டுவிட்டீர்கள். எண்ணெய் எரித்து எப்படிக் காற்று வரும் என்று ஒரு பையன் கேட்டான். பதில் தெரியாமல் இருமினேன்.

26 அக்டோபர். பட்டறை

இந்த வகை விசிறி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சந்தையில் உண்டு, ஆகவே இங்கேயும் "கண்டுபிடித்தார்" வேண்டாம். வேலை செய்யும் விதம் அழகானது, பையனுக்குச் சொல்லுங்கள்.

அடியில் விளக்கு. அதன் மேல் மூடிய உருளை. உள்ளே அடைபட்ட காற்று. உருளைக்குள் தளர்வாக ஒரு டப்பா மேலும் கீழும் போகும். டப்பா மேலே போனால் காற்று கீழே, சூட்டுப் பக்கம் வந்து விரியும். டப்பா கீழே வந்தால் காற்று மேலே, குளிர்ப் பக்கம் போய்ச் சுருங்கும். விரிந்து சுருங்கும் காற்று பக்கத்தில் ஒரு சின்ன பிஸ்டனைத் தள்ளி இழுக்கும். டப்பாவும் பிஸ்டனும் ஒரே அச்சில் கால் சுற்று முன்பின்னாகக் கோத்திருக்கும். அந்தக் கால் சுற்று தவறினால் வெறுமனே ஆடும், சுற்றாது. சுற்று நிற்காமல் இழுத்துப்போகும் ஃப்ளைவீல் விசிறி இலையே.

தானாகக் கிளம்பாது. விளக்கேற்றி அடிப்பக்கம் நன்றாகச் சுடும்வரை பொறுத்து, கையால் ஒரு தள்ளு. பாதியில் நின்றால் காரணம் மூன்றில் ஒன்று: மேல்பக்கமும் சூடாகிவிட்டது, பிஸ்டனில் போட்ட எண்ணெய் பிசினாகிவிட்டது, அல்லது திரி புகைந்து அடியில் கரி படிந்து சூடு உள்ளே ஏறவில்லை. பிஸ்டனுக்குக் கெட்டி எண்ணெய் ஆகாது, உராய்வே முழு பலத்தையும் தின்றுவிடும்.

பலம் எவ்வளவு? மணிக்கு 30 கிராம் மண்ணெண்ணெய் எரித்தால் சுமார் 360 வாட் சூடு. அதில் ஒன்றிரண்டு சதவீதம் இலைக்குப் போனால் நாலிலிருந்து ஏழு வாட். மீதியெல்லாம் அறைக்குள். காற்று வாங்க அடுப்பை மூட்டின கதை! ஆனாலும் கரண்ட் எட்டாத ஊரில், கொசு அடிக்கும் ராத்திரியில், அந்த ஐந்து வாட்டுக்கு மதிப்பு உண்டு.

30 அக்டோபர். பட்டறை

11 மணி நேர வீடு. அஸ்திவாரத்திலிருந்து கூரைவரை என்று சொல்லப்படுகிறது. முடியாது என்பவர்கள் கான்கிரீட் தளத்தை மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள். சிமெண்ட் இறுக ஆரம்பிப்பதற்கு அரை மணியாவது ஆக வேண்டும், பத்து மணிக்குள் இறுகி முடிய வேண்டும் என்பது தர விதி. இறுகுவது வேறு, பலம் ஏறுவது வேறு. தளத்துக்கு முட்டுப் பிரிக்க ஒரு வாரம், இரண்டு வாரம். ஆக அன்றே ஊற்றிய தளமாக இருக்க வழியில்லை. ஓடு, தகடு, முன்பே வார்த்த பலகை என்றால் முடியும். சுவருக்கு ஒவ்வொரு பக்கமும் தனிக் குழு, கதவு நிலையும் ஜன்னலும் முன்பே தயார், மின்கம்பிக் குழாய் முன்பே வெட்டி அடுக்கியது. வீடு 11 மணி நேரத்தில் எழும், ஏற்பாடு எத்தனை வாரம் என்பதை யாரும் எண்ணுவதில்லை. பஸ் டைம் பார்த்துப் பழகிய மனிதருக்கு இந்த விளையாட்டு பிடித்திருக்கும்.

ஓட்டு இயந்திரம் பற்றிச் சுருக்கமாக. ஒரு பொத்தானை அழுத்தினால் மற்றவை பூட்டிக்கொள்ள வேண்டும், அதிகாரி விடுவிக்கும்வரை மறுபடி அழுந்தக் கூடாது. இயந்திரப் பூட்டில் வரும் வம்பு பாதி அழுத்தம்: எண் நகராமலே பூட்டு விழுந்துவிடும். அதற்குப் பாதி வந்த பொத்தான் பின்வாங்க முடியாதபடி ஒரு பல்சக்கரம் வேண்டும். தேர்தலில் மின்னணு இயந்திரம் முதலில் வந்தது 1982இல், கேரளத்துப் பரவூரில். "அதுக்கு முன்னோடி இவர்தான்" என்று நேர்கோடு போடாதீர்கள். அது வேறு ஆட்கள் செய்த வேறு இயந்திரம்.

2 நவம்பர். தோட்டம்

பப்பாளியை மெக்கானிக்குகள் கையில் விட முடியாது, நான் சொல்கிறேன். நாயுடுவின் தோட்டத்தை சி.வி.ராமனும் விஸ்வேஸ்வரய்யாவும் வந்து பார்த்திருக்கிறார்கள். பருத்தி, சோளம், பப்பாளியில் புது ரகம் தேடினார். ஆனால் பப்பாளியில் ரகம் நிலைப்பது பெரும்பாடு. ஆண்–பெண் தனித்தனி மரமாக இருக்கும் ரகத்தில் விதை போட்டால் பாதிக்குப் பாதி ஆண். பூக்கும்வரை, அதாவது ஐந்தாறு மாதம், எது எது என்று தெரியாது. அதனால் குழிக்கு மூன்று கன்று வைத்து, பூத்தபின் ஒன்றை விட்டு மற்றதை வெட்டுவார்கள். 15, 20 பெண் மரத்துக்கு ஓர் ஆண் போதும். இருபால் பூ ரகத்தில் தன் பூவிலேயே கருவூட்டி விதை எடுத்தாலும் மூன்றில் ஒன்று பெண்ணாக வரும். பக்கத்துத் தோட்டத்து மகரந்தம் வந்துவிட்டால் இரண்டு தலைமுறையில் ரகம் கலந்து போகும். அருமையான பழம் ஒன்று கிடைத்தது என்பதற்கும் ரகம் கிடைத்தது என்பதற்கும் நடுவே பூவுக்குப் பூ பை கட்டும் வேலை இருக்கிறது. அவர் காலத்துப் பழம் இன்று கையில் ஏன் இல்லை என்று கேட்பவர்களுக்கு இது பதில்.

2 நவம்பர். பட்டறை

ஒப்புக்கொள்கிறேன். பை கட்டும் வேலை எங்கள் ஸ்டாம்பிங் டை மாதிரிதான் போலிருக்கிறது.

6 நவம்பர். பட்டறை

காரில் வந்து நிற்கிறேன். 1952, இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார், 2,000 ரூபாய். உரிமம் கிடைக்காமல் நின்றுபோனது. பட்டியல் இதைப் "பொறாமை" என்று முடிக்கிறது. வருஷத்தைப் பாருங்கள். தொழில் வளர்ச்சி ஒழுங்குமுறைச் சட்டம் 1951இல் நிறைவேறி 1952 மே மாதம் அமலுக்கு வந்தது. அன்றிலிருந்து கார் செய்ய டில்லி உரிமம் வேண்டும். அடுத்த வருஷமே படிப்படியாக உள்நாட்டிலேயே முழுதும் தயாரிக்கத் திட்டம் இல்லாதவர்களுக்கு இடமில்லை என்று முடிவானது, ஜெனரல் மோட்டார்ஸே 1954இல் கிளம்பியது. இரும்பும் அந்நியச் செலாவணியும் பங்கீட்டில் இருந்த காலம். யாரோ ஒருவர் முகத்தைப் பார்த்துக் கதவைச் சாத்தினார் என்பதைவிட, கதவு பொருத்திய வருஷத்தில் இவர் வந்து தட்டினார் என்பது பொருத்தம். அதற்காக வருத்தம் குறைகிறது என்று சொல்லவில்லை. லைசன்ஸ் கொடுத்திருந்தால் அந்தக் கார் பொள்ளாச்சி ரோட்டில் பத்து வருஷம் ஓடிக் காட்டியிருக்க வேண்டும், அந்தச் சோதனை நடக்கவே இல்லை.

9 நவம்பர். ஆண்டுமலர்

குடும்பத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லையே.

9 நவம்பர். பட்டறை

வீட்டுக்குள் நடந்ததை வீட்டார் சொல்வார்கள். வெளியே தெரிவது ஒன்று. அவர் சேர்த்ததையும் செய்ததையும் குடும்பம் கூறுபோட்டு விற்கவில்லை. அறக்கட்டளையாக வைத்து அவிநாசி சாலையில் காட்சியகம் நடத்துகிறார்கள், பக்கத்தில் 2015இல் கார் அருங்காட்சியகமும் வந்தது. பழைய இயந்திரத்தை வைத்துக் காப்பது எவ்வளவு வேலை என்று தெரிந்தவர்களுக்குத்தான் அது விளங்கும். பெட்ரோலை வடிக்காமல் நிறுத்தினால் சில மாதத்தில் கார்புரேட்டரில் கோந்து பிடிக்கும், அதன் நுண்துளையான ஜெட் அடைக்கும். டயர் தரையில் ஒரே இடத்தில் நின்றால் தட்டையாகும், அச்சுக்கு முட்டுக் கொடுத்துத் தூக்கி வைக்க வேண்டும். ஸ்பார்க் பிளக் துளையில் நாலு சொட்டு எண்ணெய் விட்டு மாதம் ஒருமுறை எஞ்சினைக் கையால் சுற்றாவிட்டால் பிஸ்டன் ரிங் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். வால்வு ரேடியோவை ஆசைப்பட்டு நேராக மெயினில் சொருகக் கூடாது. 40 வாட் பல்பு ஒன்றைத் தொடரில் போட்டு மெதுவாக எழுப்ப வேண்டும், பல்பு பிரகாசமாகவே எரிந்துகொண்டிருந்தால் உள்ளே கண்டென்சர் போய்விட்டது, உடனே பிடுங்குங்கள். இத்தனையையும் சலிக்காமல் செய்ய வீட்டில் யாராவது இருந்தால்தான் உண்டு.

10 நவம்பர். காயில்கடை

மோட்டாரையும் சேருங்க. சும்மா கிடக்கிற மோட்டார் ஈரம் குடிக்கும். இன்சுலேஷன் பாக்குற மெக்கர் மீட்டர் போட்டு ஒரு மெகா ஓமுக்குக் கீழ காட்டுச்சுன்னா கரண்ட் குடுக்காதீங்க, ரெண்டு நாள் பல்பு வெச்சுக் காயவிட்டு மறுபடி பாருங்க.

4 ஜனவரி 2026. ஆண்டுமலர்

இன்று அவர் நினைவு நாள். மலர் அச்சுக்குப் போகிறது. "கண்டுபிடித்தார்" எட்டு இடத்தில் இருந்தது. ஏழு இடத்தில் எடுத்துவிட்டேன். "செய்தார்", "செய்துகாட்டினார்", "விலை குறைத்தார்" என்று மாற்றியாயிற்று. எட்டாவதில் மாட்டிக்கொண்டேன்: "பஸ் ஓடாத ஊருக்குப் பஸ் ஓட்டலாம் என்று கண்டுபிடித்தார்." இதை என்ன செய்ய?

4 ஜனவரி. பட்டறை

அதை விட்டுவிடுங்கள், சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் புரூஃபில் "பழநி–கோவை" என்று விழுந்திருக்கிறது. பொள்ளாச்சி–பழனி. திருத்திவிட்டு அனுப்புங்கள்.